பின் இடது கதவின் கண்ணாடி

அஜந்தனின் கராச்சுக்கும் என் குஷன் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு தகரம். மன்னார் வீதியில் நெளுக்குளத்தைத் தாண்டி வருகிறவர்கள் வாகனத்தின் வயர் வேலைக்கு அவனிடம் போவார்கள், சீற் கிழிந்திருந்தால் என்னிடம் வருவார்கள். பதினொரு வருடமாக அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து அவன் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கதைப்பது என்று சொல்வதே அதிகம். ஒரு கேள்வி கேட்பான், பதில் வரும்வரை பொறுத்திருப்பான், பிறகு வேலையைத் தொடங்குவான். அடுத்தவன் கதையைக் கேட்டே நாளை ஓட்டுகிற எனக்கு இப்படி ஒரு அயலவன் வாய்த்தது தண்டனைதான்.

அவனிடம் வாகனத்தை விட்டுவிட்டு, பின்னேரம் வந்து எடுக்கிறேன் என்று யாரும் போக முடியாது. பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உரியவரை இருத்துவான். கழற்றிய சாமானை அவர் கையில் கொடுத்து, எங்கே பிழை, ஏன் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றுவான். பிழை உரியவரின் முட்டாள்தனத்தால் வந்திருந்தால் அதையும் சொல்வான். ஒரு பாடசாலை அதிபர் எஞ்சினுக்குள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டு, கார் தானாக நின்றுவிட்டது என்று வந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, நீங்கள் கழுவினதாலதான் சேர், என்றான் இவன். அதிபர் அதற்குப் பிறகு எங்கள் இரண்டு கடைப் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை. கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் ஏசினேன். அவன் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

அவன் ஏன் அப்படி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை ஒரே ஒரு தடவை, அதுவும் தாய் செத்து எட்டாம் நாள் செலவன்று, என்னிடம் சொன்னான்.

அஜந்தன் அக்கராயன்காரன். பொருளாதாரத் தடைக் காலத்தில் கிளிநொச்சியில் ஒரு கராச்சில் வயர் வேலை பழகினான். புதுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. பழசைத் திறந்து, ஏன் செத்தது என்று கண்டுபிடித்து உயிர் கொடுத்தால்தான் வாகனம் ஓடும். 2009இல் சண்டை முடிகிற நேரம் தாய் கமலாசனி அம்மாவோடு வெளியே வந்து செட்டிகுளம் பக்கத்து முகாமில் இருந்தான். தமையன் வழியில் பிரிந்துவிட்டான். தாய் சாப்பாட்டைத் தொடவில்லை. நாலாம் நாள், பக்கத்துக் கூடாரத்து மனிதர் ஒருவர் வந்து, உங்கள் மூத்தவனை ஓமந்தையில் ஆமி பஸ்ஸில் ஏற்றியதை என் கண்ணால் கண்டேன் என்றார். அன்று தாய் கஞ்சி குடித்தார்.

முகாமை மூடி எல்லோரும் ஊருக்குப் போனபோது தாய் அக்கராயனுக்கு வர மறுத்துவிட்டார். பஸ்ஸில் ஏற்றியவனை வவுனியாவுக்குத்தானே கொண்டுவந்திருப்பார்கள், வெளியே விட்டால் இங்கேதானே தேடுவான் என்றார். அதனால்தான் அவர்கள் நெளுக்குளத்தில் குடியிருந்தார்கள். ஆறு வருடம் கழித்து அந்த மனிதரை அஜந்தன் ஒரு கலியாண வீட்டில் கண்டான். அவர் தானாகவே வந்து இவன் கையைப் பிடித்தார். தான் ஒன்றையும் காணவில்லை என்றும், பட்டினி கிடந்த மனுசியைச் சாப்பிட வைக்கத்தான் அப்படிச் சொன்னதாகவும் சொல்லி அழுதார். அஜந்தன் வீட்டுக்கு வந்து தாயிடம் உள்ளதைச் சொன்னான். தாய் அவனை நம்பவில்லை. அந்த மனிதரைத்தான் நம்பினார். சாகும்வரை பெற்ற மகனைவிட அந்தப் பொய்யைத்தான் நம்பினார். இதைக் கேட்ட பிறகு பூசி மெழுகச் சொல்லி அவனுக்கு நான் புத்தி சொல்லவில்லை.

இனித் தவராசாவின் காருக்கு வருகிறேன்.

தவராசாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். செட்டிகுளத்தில் கார் ஸ்ராண்டில் நின்று ஹயர் ஓடுகிறவர். வெள்ளை நிறப் பழைய ஜப்பான் கார். கல்யாணம், ஆஸ்பத்திரி, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்துச் சனம் அவரைத்தான் கூப்பிடும். போன மாசி மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம், பாலன் என்ற கமக்காரருக்கு மூச்சிழுக்கிற முட்டு வருத்தம் கடுமையாகிவிட்டது. வெட்டு மெசின் கிளப்பிய தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி கௌசலா அவரைத் தவராசாவின் காரில் ஏற்றிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பாலன் பின் சீற்றில் இடப்பக்கக் கதவில் சாய்ந்திருந்தார். பாதி வழியில் மூச்சு முட்டி, கண்ணாடியை இறக்கு, கண்ணாடியை இறக்கு என்று கேட்டார். கௌசலா அந்தக் கதவில் இருந்த விசையையே திரும்பத் திரும்ப அழுத்தினார், தன் பக்கத்துக் கண்ணாடியை அந்தப் பதட்டத்தில் நினைக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் பிந்திவிடும் என்று தவராசா காரை விரட்டிக்கொண்டே முன் கண்ணாடிகள் இரண்டையும் இறக்கினார், காற்று முன்னுக்குத்தான் அடித்தது. பாலன் அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இறந்துபோனார்.

செத்த வீட்டில் கௌசலா எல்லோர் முன்னாலும் தவராசாவைக் கைநீட்டிச் சொன்னார். அந்த மனிதன் பின் கண்ணாடிகளை லொக் பண்ணி வைத்திருந்தான், என் புருசன் காற்றுக்குக் கெஞ்சும்போதும் எடுத்துவிடவில்லை, அவன்தான் கொன்றான், என்று. சாரதியின் கதவில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திவைத்தால் பின்னால் இருப்பவர்கள் எந்த விசையை அழுத்தினாலும் கண்ணாடி அசையாது. பிள்ளைகள் கையைத் தலையை நீட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. தவராசா, தான் அந்த லொக்கைத் தொடவில்லை, கண்ணாடியை இறக்குகிற சட்டர் அன்றைக்கு வேலை செய்யவில்லை, தானும் சாரதிக் கதவில் அதற்கு இருக்கிற விசையை அழுத்திப் பார்த்தும் அசையவில்லை என்று சொன்னார். கேட்க ஆள் இல்லை. அன்றிலிருந்து அவர் காரில் ஒருவரும் ஏறவில்லை. ஸ்ராண்டில் பக்கத்துக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

உண்மையைச் சொன்னால் நானும் கௌசலாவைத்தான் நம்பினேன். அதற்குக் காரணம் இருந்தது. தை மாதக் கடைசியில் அந்தக் காருக்குப் புதுக் குஷன் அடித்தது நான்தான். வெளிர் நிறம். பழைய சீற் ஏன் பழுதானது என்று அவர் ஏதோ சொன்னார், எனக்கு வேலை தலைக்கு மேல், ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விட்டேன். ஆனால் நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. தூசி பட்டால் இந்தச் சீலை மூன்று மாதம் தாங்காது, பின் கண்ணாடிகளை லொக் பண்ணி வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அந்தப் பொத்தானை என் விரலாலேயே காட்டினேன். எனவே செய்தி வந்ததும், மனுசன் என் சொல்லைக் கேட்டு லொக் பண்ணியிருக்கிறார் என்றுதான் எண்ணினேன். நித்திரை கெட்டுப் போயிற்று. ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கௌசலா தவராசாவுக்கு ஆள் விட்டார். காரை நெளுக்குளத்து அஜந்தனிடம் கொண்டுபோங்கோ, நானும் வாறன், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று. அஜந்தன் பூசி மெழுகமாட்டான் என்ற பெயர் செட்டிகுளம்வரை போயிருந்தது. தவராசா உடனே சம்மதித்தார். கண்ணாடியைத் திருத்திப்போட்டுக் கதை விடுகிறான் என்று சொல்வார்களே என்று, பாலன் இறந்த நாளிலிருந்து கதவில் ஒருவரையும் கைவைக்க விடாமல் காரை ஸ்ராண்டுப் புளியமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தவராசா காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கௌசலா அதில் வரவில்லை, பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பத்தெட்டு வயதுப் பெண். வெறும் நெற்றி. யாரையும் பார்க்காமல் அஜந்தன் போட்ட கதிரையில் போய் இருந்தார். நான் கத்திரிக்கோலை வைத்துவிட்டுத் தகரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. லொக் என்ற சொல் யார் வாயிலிருந்து வரப்போகிறது என்று பயந்துகொண்டு போனேன்.

அஜந்தன் முதலில் சாரதியின் கதவைத் திறந்து அந்தப் பொத்தானைப் பார்த்தான். அழுத்தப்படாமல் மேலே இருந்தது. கௌசலா, இப்ப எடுத்துத்தானே விட்டிருப்பினம், என்றார். அதுவும் சரிதான், இப்போது இருப்பதை வைத்து அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது என்று அஜந்தன் ஒத்துக்கொண்டான். தவராசாவின் முகம் சுருங்கியது.

பிறகு காருக்குள் கூரை விளக்கைப் போட்டான். பின் இடது கதவில் காதை வைத்துக்கொண்டு விசையை அழுத்தினான். சத்தம் இல்லை. விளக்கும் மங்கவில்லை. கண்ணாடி இறுகிக் கிடந்தால் மோட்டர் முக்கும், விளக்கு ஒரு கணம் மங்கும், இங்கே மோட்டருக்குக் கரண்ட் வரவேயில்லை என்று கௌசலாவுக்கு விளங்கப்படுத்தினான். பியூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அவரிடம் காட்டினான். அது நல்லாக இருந்தது.

கதவின் உள்தட்டைக் கழற்றினான். மோட்டருக்குப் போகிற இரண்டு வயர்களையும் பிடுங்கி, பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுத்தான். கண்ணாடி எந்தச் சிரமமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. அப்படி இறங்கும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கௌசலா எழுந்துவிட்டார். கண்ணாடி இருந்த வெறும் இடத்தைப் பார்த்தபடி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

பிறகு தவராசாவின் பக்கம் திரும்பினார்.

"வேலை செய்யுதுதானே" என்றார்.

முடிந்தது, லொக்தான், நான் காட்டிக்கொடுத்த லொக்தான் என்று நினைத்தேன். அஜந்தன் மட்டும் அவசரப்படவில்லை. மோட்டர் வேலை செய்கிறது, கரண்ட் ஏன் வரவில்லை என்பது இன்னும் தெரியவில்லை, அது தெரியாமல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றான். கௌசலாவைத் திரும்ப இருக்கச் சொன்னான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

பின் கதவு விசையைக் கழற்றிச் சோதித்தான், அதில் பிழை இல்லை. அதற்கு வருகிற வயரில் சோதனை பல்ப்பை வைத்தான், பல்ப் எரியவில்லை. இந்தக் காரில் பின் கதவுகளுக்குப் போகிற கரண்ட் எல்லாம் சாரதியின் கதவிலுள்ள பெரிய சுவிட்சைத் தாண்டித்தான் போகவேண்டும், அங்கே பழுதென்றால் பின்னால் இருப்பவர் தன் விசையை எவ்வளவு அழுத்தினாலும் பிரயோசனமில்லை என்றான். சொல்லிக்கொண்டே சாரதியின் கதவிலிருந்து அந்தச் சுவிட்சைக் கழற்றி எடுத்தான். ஒரு பழைய பேப்பரை விரித்து, கௌசலாவின் கதிரைக்கு முன்னால் குந்தியிருந்து, மெல்லிய ஸ்குறூ ட்றைவரால் நெம்பித் திறந்தான்.

உள்ளே மஞ்சள். செம்புத் தகடுகளின் மேல் பச்சைக் களிம்பு பிடித்து, அதன் மேல் மஞ்சள் காய்ந்து படிந்திருந்தது. பின் இடது கண்ணாடிக்கு உரிய தகடு பாதி அரித்துப்போயிருந்தது. அஜந்தன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"தண்ணி போயிருக்கு, தங்கச்சி. உப்புப் போட்ட மஞ்சத்தண்ணி" என்றான்.

நாங்கள் நாலு பேரும் அந்தப் பேப்பரைக் குனிந்து பார்த்தோம். அப்போதுதான் தவராசா தை மாதத்தில் என் கடையில் நின்று சொன்னது எனக்குத் திரும்பி வந்தது. ஒரு செத்தவீட்டு ஹயர், சுடலைக்குப் போய்வந்த காருக்குத் துடக்குக் கழிக்கிறோம் என்று செம்போடு மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள், கதவு சீற் எல்லாம் மஞ்சள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதுதான் அவர் சொன்னது. அந்தச் செத்தவீடு பாலனின் தாயுடையது. ஊற்றியது யாரென்று கேட்கத் தேவையில்லை. கௌசலாவின் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் வடிந்துபோயிருந்தது. மாமியாரின் துடக்கு வீட்டுக்குள் வந்து, முட்டு வருத்தக்காரப் புருசனை ஒன்றும் செய்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பெண் தெளிப்பதோடு விடாமல் ஊற்றியிருக்கிறார்.

ஆனால் பாலனின் சாவுக்குப் பிறகும் யாராவது அந்தக் காருக்கு மஞ்சள் தெளித்திருக்கலாம், இப்போது எல்லாம் அந்தத் தண்ணீர் எப்போது பட்டது என்பதில்தான் இருந்தது. பாலன் இறப்பதற்கு முன் பட்டது என்றால், கண்ணாடியைக் கெடுத்தது கௌசலாவின் கை. பிறகு பட்டது என்றால், அன்றைக்குச் சுவிட்ச் நல்லாக இருந்திருக்கிறது, கண்ணாடி இறங்காததற்குத் தவராசாவின் லொக்தான் காரணம்.

கௌசலா குரல் எழும்பாமல் கேட்டார்.

"இது எப்ப பட்ட தண்ணி?"

அஜந்தன் வாயைத் திறப்பதற்குள் தவராசா முந்திக்கொண்டார்.

"அது நான் தெளிச்சது, பிள்ளை. பாலன் செத்த அண்டு பின்னேரம் வீட்டை கொண்டுபோய்த் தெளிச்சனான். அதுக்கு முதல் சட்டர் நல்லாத்தான் கிடந்தது. லொக்கை நான்தான் அமத்தி வைச்சிருந்தனான். பயத்தில எடுத்துவிட மறந்துபோனன்."

ஒரு மாதமாக இல்லை, இல்லை என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்த மனிதர், தன் வழக்குத் தீர்ந்து விடுதலை கையில் வந்த நேரத்தில் அதைத் தூக்கி எறிந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். அந்தப் பொய் நல்ல பொய் என்று எனக்குப் பட்டது. புருசனை இழந்த பெண் தன் கையை வெறுத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டுவதைவிட, அடுத்தவனை வெறுத்துக்கொண்டு ஓட்டுவது சுலபம். அஜந்தனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். விட்டுவிடு என்று.

ஆனால் தவராசாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் ஒன்பது வருடமாக ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். காரில் எலுமிச்சங்காய் கட்டமாட்டார், மஞ்சள் தெளிக்கமாட்டார். செட்டிகுளத்தில் அது தெரியாதவர்கள் இல்லை.

"நீங்கள் எப்ப துவக்கம் மஞ்சள் தெளிக்கிறியள், தவராசாண்ணை?" என்று கௌசலா கேட்டார்.

அவர் நிலத்தைப் பார்த்தார். கௌசலா அஜந்தனிடம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணா. நான் பஸ் ஏறி வந்தது உங்கட வாயால கேக்கத்தான்."

அஜந்தன் குந்தியிருந்தபடியே அந்தச் சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் கண்டதில்லை. பதில் வரும்வரை பொறுத்திருக்கிறவனுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டிய முறை. அவனுக்கும் அந்தப் பெண்ணின்மேல் இரக்கம் இருந்தது, கல் நெஞ்சுக்காரன் இல்லை.

"இது கனநாள் பழுது, தங்கச்சி. அவர் சாகிறதுக்கு முதலே பட்ட தண்ணி. தகடு இந்தளவுக்கு அரிச்சிருக்கு. தண்ணி பட்ட கையோட அரிக்கத் துவங்கி, அண்டைக்கு முழுசாச் செத்திருக்கு. லொக் போட்டிருந்தாலும் ஒண்டுதான், போடாட்டிலும் ஒண்டுதான்" என்றான்.

நான் அவனைக் கொன்றுவிடலாம் போல நின்றேன். அவன் அதோடு நிறுத்தவில்லை. சுவிட்சின் மேல்மூடியைத் திருப்பி அவர் கையில் வைத்தான். பின் இடது கண்ணாடிக்கான விசையின் அடியில் இருந்த பிளாஸ்ரிக் நாக்கு இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடம் அழுக்கில்லாமல் வெள்ளையாக இருந்தது.

"இதையும் பாருங்கோ. மற்ற மூண்டும் நல்லாக் கிடக்கு, இது மட்டும் முறிஞ்சிருக்கு. சும்மா அமத்தினால் இது முறியாது. ஆரோ உயிரைக் குடுத்துத் திரும்பத் திரும்ப அமத்தியிருக்கினம். நீங்கள் உங்கட பக்கத்தில அமத்தின அதே நேரம் இவரும் அமத்தியிருக்கிறார். நீங்கள் உங்கட மனுசனைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பியள், அதுதான் காணேல்லை."

கௌசலா அந்த முறிந்த துண்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு அழுதார். சத்தம் போடாமல், ஒப்பாரி வைக்காமல், கதிரையில் குனிந்திருந்து வெகுநேரம் அழுதார். நான்தான் ஊற்றினேன், நான்தான் ஊற்றினேன் என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் அதை இல்லையென்று சொல்லவில்லை. தவராசா போய்ப் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் என் பங்குக்கு, லொக்கைப் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான், அவர் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு மாதமாக அவரைச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். அதை இப்போது சொல்லி யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

அஜந்தன் எழுந்து வேலையைத் தொடங்கினான். களிம்பைப் பெற்றோல் துணியால் துடைத்து, அரம் போட்டு, அரித்த தகட்டை எடுத்துவிட்டு ஒரு பழைய சுவிட்சிலிருந்து தகடும் நாக்கும் கழற்றிப் பொருத்தினான். அரை மணித்தியாலம் பிடித்தது. வீதியில் பஸ்கள் போயின. எனக்குக் கதை இல்லாமல் இருக்கத் தெரியாது, அன்றைக்கு இருந்தேன்.

வேலை முடிந்ததும், இந்தக் கண்ணாடி அன்றைக்கு இறங்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கௌசலா கேட்டார். எனக்கு வயர்தான் தெரியும், அது எனக்குத் தெரியாது தங்கச்சி, என்றான் அஜந்தன். அதற்கும் அவன் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அவனுடைய குணம் அதுதான். அந்த ஒரு பதிலுக்காகவாவது அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

கௌசலா முகத்தைத் துடைத்துக்கொண்டு தவராசாவிடம் கேட்டார்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அப்பிடிச் சொன்னியள்?"

"நீங்கள் என்னைத் திட்டினால் எனக்கு ஒண்டும் குறையாது, பிள்ளை" என்றார் தவராசா.

"குறைஞ்சது. ஒரு மாசமா உங்கட காரில ஒருத்தரும் ஏறேல்லை. நான் ஏறவேண்டாம் எண்டு சொன்னனான், அவை ஏறேல்லை."

தவராசா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய் ஏறிக் காரை ஸ்ராட் பண்ணினார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நிழலில் இருங்கோ என்று நான் கௌசலாவுக்குச் சொன்னேன். அவர் என்னைக் கடந்து போய்ப் பின் இடது கதவைத் திறந்தார். புருசன் சாய்ந்திருந்த பக்கம். ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு ஏறி இருந்தார். கதவைச் சாத்தி, விசையில் விரலை வைத்து அழுத்தினார். கண்ணாடி முழுவதும் இறங்கியது. தவராசா திரும்பிப் பார்த்தார்.

"கார் ஸ்ராண்டால போங்கோ, தவராசாண்ணை" என்றார் கௌசலா. "மெல்லமாப் போங்கோ. நான் இதில இருக்கிறதைச் சனம் பாக்கட்டும்."